தெப்பத்துக்குக் கட்டிய மோட்டார்

மோட்டாரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மச்சானைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொன்னால் பாதிதான் சொன்னதாக இருக்கும். மச்சான் என்றால் என் சம்சாரத்தின் தம்பி. எங்கள் ஊர் ஏரியில் தை மாதம் அம்மனுக்குத் தெப்பம் விடுவோம். கரைமேல் நின்று கயிறு கட்டி இழுப்பார்கள். அந்தக் கயிற்றில் முதல் கை அவனுடையது. அவனுக்கு முன்னால் அவன் அப்பாவுடையது, அதற்கும் முன்னால் அவருடைய அப்பாவுடையது. தெப்பம் கரை சேர்ந்ததும் அம்மன் கழுத்து மாலையைக் கழற்றி முதல் கைக்காரன் கழுத்தில் போடுவார்கள். மச்சானுக்கு நிலம் இல்லை. கம்பெனிக்கு விற்கவும் எதுவும் இல்லாததால் கையில் காசும் வந்ததில்லை. ஊர்க் கூட்டத்தில் அவனைக் கேட்டு யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் ஊர் அவனை நிமிர்ந்து பார்க்கும். போன தையில் அதை நான் என் மோட்டாரை வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

வாங்கிக்கொண்டேன் என்று சொல்வதே கொஞ்சம் மரியாதையான பேச்சு. சம்சாரம் வேறு சொல் சொல்வாள்.

எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்துக்கு இந்தப் பக்கம். நானும் மச்சானும் ஏரி மீன்காரர்கள். என்னிடம் இருப்பது ஃபைபர் படகு. படகு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ரெண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் ஏறினால் யாராவது ஒருத்தர் வாயை மூடிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். முன்பெல்லாம் மூங்கில் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டே ஏரி முழுக்கச் சுற்றி வருவேன். சுற்று வட்டாரத்தில் கம்பெனிகள் வந்தபோது வயலை மேடாக்க மண் வேண்டியிருந்தது. ஏரியில் அள்ளினார்கள். இப்போது ஏரிக்குள்ளே ஏகப்பட்ட பள்ளம். கோலை விட்டால் கோல் போய்க்கொண்டே இருக்கும், அடி தட்டாது. அப்புறம் துடுப்புதான் கதி என்றானது. துடுப்பு போட்டுப் போட்டு வலது தோள்பட்டை போய்விட்டது. சட்டைக்குள் கை நுழைக்கவே சம்சாரம் வர வேண்டும். வலையைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதை மறைக்க முகத்தைக் கழுவிக்கொள்வேன். ஏரியில் இருப்பவன் முகம் ஈரமாக இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்.

என் மகன் வல்லம் வடகாலில் ஒரு குடோனில் பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவன்தான் போனில் பார்த்து அந்த மோட்டாரை வரவழைத்தான். அட்டைப்பெட்டியைப் பிரித்தால் ஒரு நீளக் குழாய், கீழே சுரைக்காய் மாதிரி ஒரு உருண்டை, அதன் வாலில் காற்றாடி, மேலே பிடித்துத் திருப்ப ஒரு கைப்பிடி.

"இது இன்னாடா, போர் போடறதா?" என்று கேட்டேன்.

"மீன் புடிக்கிற படகுக்குன்னே செய்யறது நைனா. டீசல் கெடையாது, பொகை கெடையாது. சத்தமே வராது. மீனு ஓடாது. நீ சும்மா புடிச்சிக்கினு குந்தினா போதும்."

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் இப்போதும் காது சூடாகிறது. பழைய வேன் பேட்டரி ஒன்றை வைத்து, வீட்டுக்கு இழுக்கிற ஒயரால் இணைத்துப் படகின் பின்பலகையில் மாட்டினோம். மதகிலிருந்து புறப்பட்டது. கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு காற்றாடி கிறீச்சென்று கத்தி நுரையைக் கக்கியது. படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. அப்படியே மெதுவாகி மெதுவாகி நின்றுவிட்டது. கரையில் மச்சான் வலை கோத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, மிக்ஸிய கொண்டாந்து தண்ணில வுட்டுட்டியா? சட்னி எப்ப ரெடியாவும்?"

அவன் துடுப்பு போட்டு வந்துதான் என்னை இழுத்துக்கொண்டு போனான். வழி முழுக்க இட்லி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தான். அப்போது கோபம் வந்தது. அந்தக் கிண்டலை இப்போது நினைத்தால், என்னை அவன் அவ்வளவு சுலபமாகக் கிண்டல் செய்த காலம் அதுதான் என்று தோன்றுகிறது.

மகன் லீவு நாளில் வந்து ஒவ்வொன்றாகச் சரி செய்தான். வேன் பேட்டரி வண்டியைக் கிளப்பத்தான் ஆகுமாம். "அது ஒரே மூச்சுல ஓடிட்டு படுத்துக்கும் நைனா. நமக்கு வேண்டியது டபுள் ஷிப்ட் பாக்குற ஆளு" என்றான். வீட்டு இன்வெர்டருக்கு வைக்கிற மாதிரி உயரமான பேட்டரி கொண்டு வந்தான். அதையும் முழுக்கக் காலியாக்கக் கூடாது, பாதி இருக்கும்போதே கரைக்கு வந்துவிட வேண்டும், வந்ததும் சார்ஜ் போட வேண்டும். ஒயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். சுட்டது. அந்தச் சூடெல்லாம் காற்றாடிக்குப் போக வேண்டிய பலம், மெல்லிய ஒயர் வழியிலேயே தின்றுவிடுகிறது என்றான். படப்பையில் பழைய சாமான் கடையில் கட்டை விரல் தடிமனுக்கு கேபிள் வாங்கினோம். அதற்குப் பிறகு தொட்டால் குளிர்ச்சியாக இருந்தது.

மற்றதை நானே தண்ணீரில் கண்டுபிடித்தேன். நானும் பேட்டரியும் பின்பக்கமே உட்கார்ந்தால் மூக்கு தூக்கும். பேட்டரியை முன்னால் தள்ளி வைத்தேன், படகு தண்ணீரில் பாய் விரித்த மாதிரி படிந்தது. காற்றாடி மேலாக இருந்தால் காற்றைக் குடித்துக் கத்தும், ரொம்ப ஆழமாக விட்டால் சேற்றைக் கிண்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் இருந்தால் சரி. கைப்பிடியில் முன்னால் போக ஐந்து படி இருக்கிறது. அஞ்சாவது படி வெறும் சவடால். மூன்றாவதைவிடக் கொஞ்சம்தான் கூடப் போகும், பேட்டரியை மட்டும் மடமடவென்று குடிக்கும். எனக்கு எழுத்து தெரியாது. கட்டை விரலில் டிக், டிக் என்று எண்ணிக்கொள்வேன். ரெண்டில் வலை பார்ப்பேன், மூன்றில் வீடு திரும்புவேன்.

பாசிதான் பெரிய தொல்லை. காற்றாடியில் சுற்றிக்கொண்டால் சத்தம் மாறும். மாவு அரைக்கிற மாதிரி ஒரு முனகல் வரும். அப்போது முறுக்கக் கூடாது. கைப்பிடியைப் பின்பக்கம் திருப்பி ஒரு நொடி ரிவர்ஸ் விட்டால் சுற்றினதைத் தானே கக்கிவிடும். அப்படியும் போகாவிட்டால் நிறுத்தித் தூக்கிப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை காற்றாடியைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கிற ஊசியை உருவி, பின்னால் வலையின் நைலான் நரம்பு ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பேன். நரம்பு உள்ளே ஏறினால் தண்ணீரைத் தடுக்கிற ரப்பரை அறுத்துவிடும், தண்ணீர் உள்ளே போய்விடும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அத்துப்படி என்பதைத்தான் சொல்ல வருகிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

ஒரு வருஷத்தில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் எல்லா வலையையும் பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மோட்டாரைப் பற்றிப் பேசுவேன். மச்சானுக்கும் அவன் வலையைப் பார்த்துக் கொடுப்பேன். அவன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "டிரைவர், அடுத்த ஸ்டாப்புல எறங்கணும்" என்பான்.

தெப்பத்துக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது ஊருக்கே தெரியும். கயிறு பிடிக்க வேண்டிய வயசுப் பையன்கள் எல்லாம் ஷிப்டில் இருப்பார்கள். சாமி கும்பிட லீவு கேட்டால் சூப்பர்வைசர் எந்தச் சாமி என்று கேட்பானாம். போன தைக்கு முந்தின தையில் ஒன்பது பத்துப் பேர்தான் கயிற்றில் நின்றார்கள். நடுவழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். மச்சான் மட்டும் விடவில்லை. குதிகாலை மண்ணில் புதைத்துக்கொண்டு, பின்னால் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் இழுத்தான்.

அடுத்து வந்த மார்கழியில் கோயில் தர்மகர்த்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நிலம் விற்ற காசில் கட்டின மாடி வீடு. அவர் என்னை உட்காரச் சொன்னார். அவர் வீட்டில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை.

"உன் மோட்டார் தெப்பத்த இஸ்துடுமாபா?"

"படகு இழுக்குற சாமான் ஐயா அது. தெப்பம் கனம் ஜாஸ்தி."

"இஸ்துடுமா இஸ்காதா, அத்த சொல்லு."

"மொள்ளமா இழுக்கும்."

"மொள்ளமாவே போட்டும். அம்மனுக்கு இன்னா அவசரம், ஷிப்டா கீது? இந்த வருஷம் கயிறே வாணாம்னு சொல்லிடறேன். புடிக்கிறேன்னு சொல்லிட்டு வராம இருக்கறானுங்க, ஒவ்வொருத்தன் கால்லயும் வுழ வேண்டிதா கீது."

"மச்சான ஒரு வார்த்த கேட்டுக்கினு..."

"கேட்டா வாணாம்னுதான் சொல்லுவான். அவனுக்கு மாலைக்கு ஆச. அந்த மாலை இந்த தபா உனக்கு."

அப்போதே எழுந்திருக்க வேண்டும். அந்த நாற்காலி மெத்தை வைத்த நாற்காலி. தோளுக்கு இதமாகச் சாய்ந்துகொண்டிருந்தேன். "ஆகட்டும் ஐயா" என்றேன்.

வீட்டில் சொன்னதும் சம்சாரம் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அது என் தம்பி கயிறுயா."

"ஒரு வருஷத்துக்குத்தானே."

"ஒரு வருஷம் கயிறு இல்லாம ஓடிச்சின்னா அப்பறம் யாரு கயித்த எடுப்பாங்க? இது உனக்குத் தெரியாது?"

தெரியும். வெளியே போய் பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தேன். சின்ன பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மச்சானிடம் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நடுவில் அம்மன், ஒரு பக்கம் தர்மகர்த்தா கூலிங் கிளாஸோடு, கீழே எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ஒரு வெள்ளை ஸ்பீட் போட்டு. மச்சான் அதைப் பார்த்துவிட்டு நேரே ஏரிக்கு வந்தான்.

"மாமா, ஃபிளெக்ஸ்ல உன் படகு சோக்கா கீது. அதுல நாலு வெள்ளக்காரன் குந்திக்கினு இருந்தானுங்களே, எங்க எறக்கி வுட்ட?"

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. அவன் என் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். படகு தண்ணீரில் லேசாக ஆடியது.

"சர்தான், நீ ஓட்டு. அன்னிக்கி நான் இன்னா பண்ணட்டும், அத்த மட்டும் சொல்லு. எல்லாருக்கும் ஷிப்ட் கீது. எனக்கு அதுவும் கெடையாது. கரைல நின்னுக்கினு கைய எங்க வெச்சிக்கிறது?"

நான் ஏதோ வலை முடிச்சைப் பிரிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

தெப்பத்தன்று காலையில் சம்சாரம் படகைத் தேய்த்துக் கழுவினாள். புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, மறுபடியும் மோந்து பார்த்து மறுபடியும் தேய்த்தாள். மீன் நாற்றத்துக்குப் பின்னால் அம்மன் வரக் கூடாது. எனக்காகச் செய்யவில்லை என்பதை என்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே தெரியப்படுத்தினாள். மகனுக்கு அன்றைக்கு செகண்ட் ஷிப்ட். போவதற்கு முன்னால் வந்து தெப்பத்தைப் பார்த்தான். கம்பெனி நீல டிரம்களை வரிசையாகக் கட்டி மேலே மூங்கில் பரப்பி வாழை மரம் நட்டு சீரியல் லைட் சுற்றியிருந்தார்கள். மேலே அம்மன், பூசாரி, மேளக்காரர்கள், தர்மகர்த்தா எல்லோரும் ஏறப் போகிறார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

"நைனா, படகோட ரெண்டு மூலையிலேந்தும் கயிறு குடு. ஒரே கயிறுன்னா படகு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். மூணாம் படிக்கு மேல போவாத. மொனகுச்சின்னா முறுக்காத, நிறுத்தித் தூக்கிப் பாரு. புரிதா?"

"எனக்கே சொல்லிக் குடுக்கிறியா."

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெப்பம் கிளம்பியது. மதகிலிருந்து கரையை ஒட்டிக் கன்னிமார் கல் வரை போய்த் திரும்ப வேண்டும். அப்படி மூன்று சுற்று. ரெண்டாம் படியில் மெதுவாக ஆரம்பித்தேன். கயிறு இறுகியது. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் அசையவில்லை. அப்புறம் அத்தனையும் ஒன்றாக என் பின்னால் வந்தது. அவ்வளவு கனமும் என் ஒரு கையில் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லக் கூடாது. முதல் சுற்று வழுக்கிக்கொண்டு போனது.

ஆனால் ஊர் சத்தமே போடவில்லை. கயிறு இழுக்கும்போது ஒரு கூச்சல் இருக்கும், மச்சான் முதல் குரல் கொடுப்பான், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். இப்போது இழுக்க யாரும் இல்லாததால் கத்தவும் யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் கரைமேல் தெப்பத்துக்குச் சமமாக நடந்து வந்துகொண்டிருந்தான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான்.

ரெண்டாவது சுற்றில் ஜனத்துக்கு உற்சாகம் வந்து பூவை வீச ஆரம்பித்தார்கள். உதிரிப் பூ என்றால் பரவாயில்லை. முழம் முழமாகச் சரம், மாலை. முன்னே வாழை நாரில் கட்டுவார்கள், சுற்றினால் பட்டென்று அறுந்துபோகும். இப்போது நைலான் நூல், ஜிகினா நூல். தெப்பத்துக்கு வீசினது பாதி என் படகைச் சுற்றித்தான் விழுந்தது. தண்ணீர் முழுக்கப் பூவாக இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சத்தம் மாறியது. மாவு அரைக்கிற அதே முனகல்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு நொடி ரிவர்ஸ் விட்டால் போதும். கைப்பிடியைத் திருப்பவும் போனேன். ஆனால் எங்கள் ஊரில் கிளம்பின தெப்பம் பின்னால் வரக் கூடாது. கயிறு தளர்ந்தால்கூடக் கரையில் இருக்கிற பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். ரிவர்ஸ் விட்டால் என் படகு அம்மன் பக்கமாகப் பின்னேறும், கயிறு தொய்யும், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்மனைப் பின்னால் தள்ளினவன் என்று பேர் வரும். நிறுத்தித் தூக்கிப் பார்க்கலாம் என்றால், மோட்டாரைப் பற்றி டீக்கடையில் நான் பேசினது எல்லாம் என் காதிலேயே கேட்டது. கரையில் மச்சான் நின்றுவிட்டான். அவனுக்கும் அந்த முனகல் கேட்டிருக்கும், என் படகில் எத்தனையோ தடவை வந்தவன்.

"மாமா, ரிவர்ஸ் வுடு" என்று கத்தினான்.

நான் மூன்றுக்குப் போட்டேன். அப்புறம் நாலு. அப்புறம் அந்தச் சவடால் படி. நூல் இன்னும் இறுகியது. ரப்பர் தீய்கிற வாசனை ஒன்று வந்தது. பேட்டரி பக்கத்தில் இருந்த, கரண்டைத் துண்டிக்கிற கட்-அவுட் டப்பென்று விழுந்தது. அவ்வளவுதான்.

மேளம் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு அதுவும் நின்றது. காற்று தெப்பத்தைக் கரையிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே தள்ளியது, பள்ளம் இருக்கிற பக்கம். தர்மகர்த்தா மைக்கை வாங்கி, "பக்தர்கள் அமைதி காக்கவும், மோட்டாருக்குச் சிறிது ஓய்வு" என்றார். கரையில் யாரோ சிரித்தார்கள். வருஷா வருஷம் தெப்பத்தை இழுக்கிற தேர்க்கயிறு எங்கே என்று கேட்டார்கள். அது கோயில் மண்டபத்தில் பூட்டி இருந்தது. சாவி தர்மகர்த்தா இடுப்பில், தர்மகர்த்தா தெப்பத்தின் மேலே.

என் படகில் வலைக்கயிறு ஒரு சுருள் இருந்தது. ஒரு முனையைப் படகில் கட்டி மறு முனையைக் கரைக்கு வீசினேன். இந்தத் தோளோடு எவ்வளவு வீச முடியும். பாதியில் விழுந்தது. மறுபடி சுருட்டி வீசினேன், இன்னும் கிட்டேதான் விழுந்தது. அப்போது மச்சான் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். அவனுக்கும் அறுபது தாண்டிவிட்டது. நீந்தி வந்து முனையைப் பிடித்தான். என் படகுக்குக் கிட்டத்தில்தான் அவன் தலை. நான் படகிலிருந்து இறங்கப் பார்த்தேன்.

"மாமா, நீ எறங்காத. அடி தட்டாது, உன்னையும் தேடணும் அப்பறம். ஆத்தாவோட சேத்து உன்னையும் இஸ்துக்கினு போறோம், குந்து."

அதை அவன் கிண்டலாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்.

கரையேறிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு குதிகாலை ஊன்றினான். பின்னால் ஆள் இல்லை. கரையில் இருந்தவர்கள் பெண்கள், கிழவர்கள், கரைக்குக் கீழே லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கிற வடக்கத்திப் பையன்கள். ஒரு அம்மாள் முன்னால் வந்தாள். கம்பெனி கேன்டீனில் சோறு வடிக்கிறவள், அண்டா தூக்கிப் பழகின கை. முந்தானையைச் செருகிக்கொண்டு மச்சானுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தாள்.

"பொம்பளைங்க கயிறு புடிக்கக் கூடாதும்மா" என்றது ஒரு கிழவர் குரல்.

"அப்ப நீ வாயா. வந்து புடி. வழி வுடறேன்."

யாரும் வரவில்லை. அப்புறம் இன்னும் நாலு பெண்கள், அப்புறம் அந்தப் பையன்கள். ஒருத்தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தான். மச்சான் குரல் கொடுத்தான். தெரியாத பாஷைக்காரன்கள் உட்பட எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். கயிறு இறுகியது.

கயிறு கட்டியிருந்தது என் படகில். படகுக்குப் பின்னால் தெப்பம். அதனால் என்னை இழுத்துத்தான் அம்மனை இழுக்க வேண்டும். மீதி ஒன்றரைச் சுற்றும் நான் அம்மனுக்கு முன்னால் ஜோராக உட்கார்ந்துகொண்டு போனேன். கரையில் இருந்தவர்கள் அம்மனைப் பார்த்துக் கை கூப்பும்போது நடுவில் நான் இருந்தேன். கற்பூரம் காட்டின வெளிச்சம் முதலில் என் மேல்தான் விழுந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மோட்டாரைத் தூக்கிக் குனிந்துகொண்டேன். காற்றாடிக்குப் பின்னால் மல்லியும் ஜிகினாவும் நூலுமாகச் சுற்றி, தையல் மிஷின் நூல்கண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் கீறினாலும் வரவில்லை. வலைக்கயிறு மெல்லிசு. இழுக்கிறவர்கள் உள்ளங்கையை அறுத்திருக்கும். எனக்கு அது தெரிந்தும் நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, கனமாக உட்கார்ந்திருப்பதைத் தவிர.

மூன்று சுற்றும் முடிந்தது. கரை சேர்ந்தோம். அதுவரை நடந்தது அவமானம். அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு வெட்கம்.

மைக் செட்காரன் காலையில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னான், "மோட்டார் மூலம் தெப்பத்தை இழுத்து வந்த பெரியவருக்கு அம்மன் மாலை அணிவிக்கப்படுகிறது" என்று. யாரும் அவனுக்கு மாற்றிச் சொல்லவில்லை. பூசாரி மாலையோடு என்னிடம் வந்தார். நாலடி தள்ளி மச்சான் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தான். கை ரெண்டும் சிவந்திருந்தது. இது அவனுக்கு என்று நான் சொல்லியிருக்கலாம். கையைக் காட்டினாலே போதும். நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், அதற்குள் என் கழுத்து குனிந்துவிட்டது. யாரும் அழுத்தவில்லை. தானாகவே குனிந்தது. மாலை ஈரமாக, கனமாக விழுந்தது. சம்சாரம் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் மாலையை ஒரு தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். உள்ளங்கை ரெண்டிலும் மஞ்சள் பத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி சாதத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து உள்ளே போனாள்.

"இது உனுது மச்சான்."

"வாடிப்பூடுச்சே மாமா."

"வாடினாலும் உனுது."

அவன் மாலையைப் பார்க்கவில்லை. "மோட்டார் இன்னா ஆச்சி?" என்று கேட்டான். ரப்பர் போய்விட்டது, உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது, மகன் பார்க்கிறேன் என்றிருக்கிறான் என்று சொன்னேன். "சரி பண்ணிடு. தோள வெச்சிக்கினு நீ துடுப்பு போட முடியாது" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாம்பாளத்தை அவன் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் தாம்பாளம் மட்டும் கழுவி எங்கள் வீட்டுக்கு வந்தது.

மகன் ரப்பர் மாற்றிக் கொடுத்தான். மோட்டார் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இந்தத் தையில் தர்மகர்த்தா ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. தோள் வலி என்று சொல்லி அனுப்பினேன். அவர் வேறு எங்கேயோ பெரிய எஞ்சின் படகு விசாரித்தாராம். அதற்குள் கேன்டீன் அம்மாளும் மற்றப் பெண்களும் அவர் வீட்டுக்கே போய் மண்டபச் சாவியைக் கேட்டு வாங்கி வந்தார்கள். தேர்க்கயிறு வெளியே வந்தது. மச்சான் வருவானா என்று கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தான், வேட்டியை வரிந்து கட்டியே வந்தான். எல்லோரும் அவனுக்கு முன்னால் இடம் விட்டு ஒதுங்கினார்கள். அவன் நேரே போய் முதல் இடத்தைத் தாண்டி ரெண்டாவதாக நின்றான்.

"இன்னாண்ணா, முன்ன வா" என்றாள் கேன்டீன் அம்மாள்.

"நீ நில்லும்மா."

"அது உங்க வூட்டுது."

"ஒரு தபா வூட்ட வுட்டுப் போயிட்ச்சிமா. இனிமே ஊரோடது. போன தபா கூப்புடாம வந்து எனக்குப் பின்னால நின்னது நீதான். நில்லு."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் கேட்க வேண்டும் என்று சொன்ன மாதிரியும் இல்லை. கேட்டுவிட்டது. நான் கயிற்றின் கடைசியில் போய், அந்த வடக்கத்திப் பையன்களுக்குப் பின்னால், இடது கையால் பிடித்துக்கொண்டேன். என் கை அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெப்பத்துக்கு ஒன்றுதான். மூன்று சுற்றும் நல்லபடியாகப் போனது, கூச்சல் ஊர் முழுக்கக் கேட்டது.

அம்மன் மாலையை அந்த அம்மாள் கழுத்தில் போட்டார்கள். அவள் அழுதுவிட்டாள். மச்சான் கை தட்டினான், நிஜமாகவே சந்தோஷமாகத்தான் தட்டினான். பக்கத்தில் நின்ற என் சம்சாரம் தட்டவில்லை. தம்பியின் வெறும் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டலாமா கூடாதா என்று எனக்குப் புரியவில்லை. எல்லோரும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் பிரசாதத்துக்குப் போன பிறகும் நான் மட்டும் அதைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். கயிற்றைச் சுருட்ட வந்த பையன் ஒருத்தன், "தாத்தா, வுடு" என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டு போனான்.